கோழிகள் வெளுத்தது என் கையால் அல்ல

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு டியூப். தோலின் நிறத்தில் பூசிக்கொள்ளும் க்ரீம். போனில் சொன்னதையே வாட்ஸப்பிலும் எழுதியிருந்தாய். "ஒரு நாளைக்குத்தாம்மா. கைக்கும் கழுத்துக்கும் மட்டும். போட்டோல நல்லா வரும்." ரவிக்கையை முழுக்கை வைத்துத் தைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்றாய். முகூர்த்தத்துக்கு முன்னால் தாலி வைத்த தட்டை எல்லோரிடமும் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோவது நம் வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா செய்கிற வேலை. அதைச் சித்தி பார்த்துக்கொள்ளட்டும், நான் முதல் வரிசையில் உட்கார்ந்தால் போதும் என்றாய். நான் அதற்குப் பதில் போடவில்லை. பதில் இதுதான். நீளமாக இருக்கும், உட்கார்ந்து படி. உன் பெயரையோ நீ கட்டிக்கொள்ளப்போகும் அந்தப் பெண்ணின் பெயரையோ இதில் எழுதப்போவதில்லை. ஆனால் மற்றவர்களும் படிக்கும்படி இதை ஒரு பத்திரிகைக்குக் கொடுக்க நினைத்திருக்கிறேன். மறைத்துக்கொள் என்று கேட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தோன்றவில்லை.

அந்த மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் இரண்டு கைகளிலும் கழுத்திலும் வெண்புள்ளிகள் இருக்கின்றன. புள்ளி என்று சொல்வது வழக்கம். உண்மையில் அவை திட்டுகள். வலது கையில் இப்போது பழைய நிறம்தான் புள்ளியாக மிஞ்சியிருக்கிறது. இதற்கு ஊரில் குஷ்டம் என்ற சொல்லை ஒட்டவைத்து ஒரு பெயர் சொல்வார்கள். இது குஷ்டம் அல்ல. தொட்டால் ஒட்டாது, வலிக்காது, அரிக்காது. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் சில இடங்களில் இல்லாமல் போய்விட்டன. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எனக்கு நான்கு வரி போதும். நீ ஏன் ஒரு பெரிய கதை கட்டினாய் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கோழிகளைப் பற்றிப் பேச வேண்டும்.

ஜூஜுவாடியில் நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த காலி மனை உனக்கு நினைவிருக்கும். நீ கிரிக்கெட் ஆடிய இடம். நீ புனேக்கு வேலைக்குப் போன பிறகு அதற்குக் கான்கிரீட் போட்டு, கர்நாடக எல்லை தாண்டுவதற்கு முன் லாரிகள் நிற்கும் இடமாக்கிவிட்டார்கள். அதுவரை அந்த மனையில் கிளறித் திரிந்த என் கருப்பு நாட்டுக்கோழிகளை லாரிச் சக்கரத்துக்குப் பயந்து பின்வாசலில் வலை கட்டி அடைத்தேன். தீனிக்கு வழி எளிதாக இருந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு: கேன்டீனில் மிஞ்சும் வெள்ளைச் சோற்றை, வீட்டில் மாடோ கோழியோ வைத்திருப்பவர்கள் முறைவைத்து எடுத்துப்போவோம். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது பாதிப் பேர் கையில் ஒரு தூக்கு இருக்கும். கோழிகளும் அடித்துப் பிடித்துச் சாப்பிட்டன. போன வருடம் ஐப்பசி மழையில் வழக்கம்போல இறகு உதிர்த்தன. புது இறகு முளைத்தபோது பார்த்தால், கருப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. ஒன்றுக்கு இறக்கையில், இன்னொன்றுக்கு முதுகு முழுக்க. ஒன்று மட்டும் கொண்டையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டு கௌரம்மா என்னிடம் வாரம் தவறாமல் முட்டை வாங்குகிறவள். வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மூன்று மொழியிலும் ஒரே வேகத்தில் பேசுவாள். வலைக்கு அந்தப் பக்கம் நின்று கோழிகளையே பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வாரம் முட்டை வேணாம்."

"ஏன், வீட்ல யாரும் சாப்பிடறதில்லையா?"

"அதில்ல மேடம். உங்க கையாலதானே தீனி போடறீங்க. அதுங்களுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு ஜனம் பேசுது."

"எந்த ஜனம்?"

"எல்லா ஜனமும்தான்."

"கௌரம்மா, இருபத்தெட்டு வருஷமா என் வீட்டுக்காரருக்கு இந்தக் கையாலதான் சோறு போடறேன். அவர் இன்னும் கரிக்கட்டையாத்தான் இருக்கார். வேணும்னா கூப்பிடறேன், வந்து பாரு."

உள்ளேயிருந்து உன் அப்பா, "என்னை எதுக்கு இழுக்கறே?" என்றார். கௌரம்மா சிரித்துவிட்டாள். ஆனால் முட்டை வாங்கவில்லை. அடுத்த வாரமும் வாங்கவில்லை. அந்தத் தெருவில் அவளோடு சேர்ந்து இன்னும் சிலர் நிறுத்திக்கொண்டார்கள். முட்டை விற்காதது எனக்கு ஒரு பொருட்டில்லை. என் கை காரணம் என்பதை அவர்கள் விசாரிக்காமல் ஒப்புக்கொண்டது பொறுக்கவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். பெயின்ட் அடித்து வருகிற ஒவ்வொரு பாகமும் மாதிரித் தகட்டின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று விளக்கடியில் வைத்துப் பார்ப்பதும், போகாவிட்டால் ஏன் என்று கண்டுபிடிப்பதும்தான் என் பிழைப்பு. நிறம் மாறினால் சூப்பர்வைசர் கத்துவார், பெயின்ட் கொடுத்தவரைத் திட்டுவார், ராசியில்லாத ஷிப்ட் என்பார். நாங்கள் எதையும் நம்பாமல் ஒவ்வொன்றாகத் தேடுவோம். கோழிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

தேடினேன். கௌரம்மாவின் சேவலிடம் கொத்துப்பட்ட ஒரு கோழிக்குக் கழுத்தில் மட்டும் வெள்ளை முளைத்திருந்தது. இறகின் வேர் காயப்பட்டால் அங்கே நிறமில்லாமல் முளைக்கக்கூடும். புள்ளிக்கோழி வம்சமாக இருந்தால் ஒவ்வொரு முறை உதிர்த்து முளைக்கும்போதும் வெள்ளை கூடிக்கொண்டே போகும். வயதான கோழிக்கும் ஆங்காங்கே வெளுக்கலாம். வெயிலில் கருப்பு மங்கிப் பழுப்பாவது வேறு. அது வெள்ளை ஆகாது. இத்தனையும் படித்தேன். ஆனால் ஒரே சமயத்தில் எல்லாக் கோழிக்கும் வந்ததற்கு இவை எதுவும் பொருந்தவில்லை. சனிக்கிழமை ஒரு கோழியைக் கூடையில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

மருத்துவர் உன் வயதுப் பெண். இறக்கையை விரித்துப் பார்த்துவிட்டு, "என்ன போடறீங்க மேடம்?" என்றாள்.

"சோறு."

"வேற?"

"சோறுதான்."

அவள் பேனாவை மூடிவைத்தாள். கருப்பு இறகுக்குப் புரதம் வேண்டும், அதிலும் அரிசியில் குறைவாக இருக்கிற சில சத்துகள் வேண்டும், தாமிரமும் இரும்பும் வேண்டும். வெளியே புழு பூச்சி, கீரை என்று பொறுக்கித் தின்றவரைக்கும் அது தெரியாமலேயே கிடைத்திருக்கும், அடைத்துவைத்துச் சோறு மட்டும் போட்டால் எங்கிருந்து வரும் என்றாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. கம்பெனிக்கு வருகிற ஒவ்வொரு டப்பாவிலும் என்ன இருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதவள், தூக்கில் இருப்பது என்ன என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. "தீவனமாத்தான் இருக்கும்னு நினைக்கறேன், ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. சில கோழிங்களுக்கு உடம்பே தன்னோட நிற அணுக்களை அழிச்சுடும். மனுஷங்களுக்கு வர்ற..." என்று ஆரம்பித்தவள், கூடையின் மேலிருந்த என் கையைப் பார்த்து நிறுத்தினாள்.

"சொல்லும்மா. வெண்புள்ளி மாதிரி. தாராளமா என் கையைப் பாரு. அதுவும் ஒட்டுமா?"

"ஒட்டாது மேடம். கோழிக்குக் கோழியும் ஒட்டாது, உங்ககிட்டேருந்து கோழிக்கும் ஒட்டாது."

அன்றிலிருந்து கேன்டீன் சோற்றை நிறுத்தினேன். ராகி, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், முருங்கைக்கீரை. ஆனால் ஒருமுறை முளைத்து முடிந்த இறகு, நம் தலைமுடியின் நுனியைப் போல. அதற்கு நிறம் வேரிலேயே போட்டாகிவிட்டது. என்ன போட்டாலும் அடுத்த உதிர்வு வரைக்கும் மாறாது. ஆகவே ஆவணியில் அந்தப் பெண் வீட்டார் அத்திப்பள்ளியிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வந்தபோது என் கோழிகள் நல்ல தீனி தின்றுகொண்டு வெள்ளையாகவே நின்றன. நீ மாமாவோடு ஹாலில் பேசிக்கொண்டிருந்தாய். அந்தப் பெண் பின்வாசலுக்கு வந்து, கேட்காமலேயே வலையைத் திறந்து ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டாள். "இது ஏன் ஆன்ட்டி இப்படி வெள்ளையாச்சு?" என்றாள். "இன்னும் தெரியல. தேடிட்டு இருக்கேன்" என்றேன். "தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்றாள். அவள் கண் என் கையில் விழுந்தது. அதையும் கேட்க நினைத்தாள் என்றே நினைக்கிறேன். அதற்குள் அவளுடைய அம்மாவைச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கௌரம்மா கூப்பிட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் நீ அதற்கு என்ன பதில் சொன்னாய் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்தார்.

"அண்ணி, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். கையில கெமிக்கல் பட்டப்போ ரொம்ப எரிஞ்சிருக்குமே?"

"எந்தக் கெமிக்கல்?"

"பெயின்ட் கம்பெனியில ஆக்சிடென்ட்னு மாப்பிள்ள சொன்னாரே. அந்தப் பக்கத்து வீட்டம்மா பேச்சக் கேட்டு நாங்க வேற என்னமோன்னு பயந்துட்டோம் அண்ணி. கம்பெனிக்காரங்க ஏதாச்சும் செஞ்சாங்களா? சும்மா விடாதீங்க, கேளுங்க."

அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதனாலேயே எனக்கு அதிகமாக வலித்தது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அது உன் வாயில் பிறந்த பொய். உன் வாயால்தான் அது போக வேண்டும்.

சில ரசாயனங்கள் பட்டால் தோலின் நிறம் போகும் என்பது உண்மைதான். அதனால்தான் உன் கதை எடுபட்டிருக்கிறது. ஆனால் எனக்கு முதல் புள்ளி வந்தது சேலத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும்போது, ஹாஸ்டலில். அப்போது நான் எந்தக் கம்பெனி வாசலையும் மிதித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கையுறை இல்லாமல் ஒரு தகட்டைக்கூடத் தொட்டதில்லை. ஒரு பொய்யில் என் உடம்பையும் என் வேலையையும் சேர்த்துக் குறைசொல்லிவிட்டாய். கௌரம்மாவாவது என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

உன் அப்பா என்னைப் பெண் பார்க்க கிருஷ்ணகிரிக்கு வந்த கதையை நீ கேட்டதில்லை. நாங்கள் சொன்னதில்லை, சொல்ல அதில் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தோம். தனியாகப் பேசவிட்டார்கள். நான் இரண்டு கைகளையும் மேசைமேல் ட்யூப் லைட் வெளிச்சத்தில் வைத்தேன். "இது இன்னும் பெருசாகலாம். முகத்துக்கும் வரலாம். இதைச் சரிபண்ண எண்ணெய் தடவி, உப்பில்லாம சாப்பிட்டு எல்லாம் பார்த்தாச்சு. இனிமே செய்யமாட்டேன்" என்றேன். "வலிக்குமா?" என்று கேட்டார். "வலிக்காது. வெயில்ல எரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஒரு குடை வாங்கணும்" என்றார். எங்கள் குடித்தனத்துக்கு முதலில் வாங்கியது அந்தக் குடைதான். உன்னிடம் நான் கேட்பது இதைவிடப் பெரிய வீரம் எதையும் அல்ல.

நீயும் ஒரு காலத்தில் இப்படி இல்லை. நீ ஒன்றாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் தூங்கி எழுந்து பார்த்தால், என் வலது கைத் திட்டுகள் எல்லாவற்றிலும் ஸ்கெட்ச் பேனா. பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று உன் பெட்டியிலிருந்த ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்திருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து மிகவும் கவலையாக, "அம்மா, ஷேட் மேட்ச் ஆகல" என்றாய். என் ஆபீஸ் வார்த்தை. மறுநாள் அதை முழுக்கக் கழுவாமலேயே வேலைக்குப் போனேன். கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அன்று நீ செய்ததும் இன்று நீ அனுப்பியதும் பார்க்க ஒன்றுபோலத் தெரிகிறது. ஒன்றல்ல. அன்று உனக்கு என் கை ஒரு வேடிக்கையான கணக்கு. இன்று அது உனக்கு வெட்கம்.

டியூபை உன் அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பையன் பயந்துட்டான். அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு" என்றார்.

"சொல்லட்டும்."

"சொல்லிட்டாங்கன்னா?"

"வேற பொண்ணு பார்க்கலாம். எனக்கு வேற கை பார்க்க முடியாது."

அவர் டியூபை மறுபடி பார்சல் அட்டைக்குள் போட்டு, டேப் ஒட்டி, உன் முகவரியை எழுதினார். இந்தக் கடிதத்தோடு அதுவும் வருகிறது.

இப்போது கோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். இந்த வருட ஐப்பசியில் மறுபடி உதிர்த்தன. கார்த்திகைக்குள் புது இறகு வந்துவிட்டது. கருப்பு, வெயிலில் பச்சையாக மின்னுகிற அந்தப் பழைய கருப்பு. கௌரம்மா வலையோரம் வந்து நின்று, "என்ன பூஜை பண்ணீங்க மேடம்?" என்றாள். "கருவாடு போட்டேன்" என்றேன். முட்டை கேட்டாள். கொடுத்தேன். தீனியை மாற்றியதால்தான் கருத்தன என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஒன்றிரண்டு கோழிக்குப் பழைய சோற்றையே தொடர்ந்து போட்டிருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அப்படிப் பட்டினி போட மனம் வரவில்லை. ஆகவே பெரும்பாலும் தீனி என்று மட்டும் சொல்கிறேன். ஆனால் அந்தச் சுண்ணாம்புக் கோழி மட்டும் அதே தீனியைத் தின்றுவிட்டு மறுபடியும் வெள்ளையாகவே முளைத்திருக்கிறது. "இதுக்கு மட்டும் ஏன் மேடம்?" என்றாள் கௌரம்மா. "தெரியாது" என்றேன். மருத்துவர் கடைசியாகச் சொன்ன காரணமாக இருக்கலாம், வம்சமாக இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் அதை அடித்துக் குழம்பு வைத்துவிடுங்கள், வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்று யோசனை சொன்னாள். அது வாரத்துக்கு நான்கைந்து முட்டை இடுகிறது, மற்றக் கோழிகளையெல்லாம் விரட்டிவிட்டு முதலில் தின்கிறது. நான் எதற்கு அதை அடிக்க வேண்டும்? அதை எனக்கு உவமையாக்கும் எண்ணம் எனக்கில்லை, அது கோழி. சிலவற்றுக்குக் காரணம் தெரிந்து சரியாகிறது, சிலவற்றுக்குத் தெரிவதும் இல்லை, சரியாவதும் இல்லை. இரண்டுமே யாருடைய பாவமும் அல்ல என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கோழியைப் பற்றி நான் சொல்லிவிடுவேன். என்னைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும். சொல்லும்போது இன்னொரு பொய்யால் அதைச் சுலபமாக்காதே. இது பரம்பரையில் வரவே வராது என்று சொல்லிவிடாதே. சில குடும்பங்களில் ஒருவருக்கு மேல் வருகிறது. என் பெரியப்பா மகளுக்கும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. உனக்கு இதுவரை இல்லை, நாளைக்கு வரலாம், வராமலே போகலாம். உன் பிள்ளைக்கும் அப்படியே. இதைக் கேட்டுவிட்டு அவள் போக நினைத்தால் அது அவள் உரிமை. அவளைக் குறைசொல்ல நம்மில் யாருக்கும் வாயில்லை. இதைக் கேட்ட பிறகும் அவள் நின்றால், அவள் நிற்பது உன் பக்கத்தில். இப்போது அவள் நின்றுகொண்டிருப்பது நடக்காத ஒரு விபத்தின் பக்கத்தில். நாளைக்கு உன் கையிலேயே ஒரு புள்ளி வந்தால் எந்தக் கம்பெனியின் மேல் பழி போடுவாய்?

நீ பயந்தவன், கெட்டவன் அல்ல என்று எனக்குத் தெரியும். பயந்தால் என்னிடம் வந்து பயந்திருக்க வேண்டும். வெளுத்த கையோடு உன்னைத் தூக்கிக்கொண்டு இந்த ஓசூர் முழுக்கப் பஸ் ஏறி இறங்கியவள் நான். எத்தனையோ பேர் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து போயிருக்கிறார்கள். நமக்கு உட்கார நிறைய இடம் கிடைத்தது. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாய்.

தையல்காரரிடம் ரவிக்கை கொடுத்துவிட்டேன். முழங்கைக்கு மேலேயே முடிகிற சாதாரணக் கை. புடவை அரக்கு நிறம். வெள்ளை அதில் நன்றாக எடுத்துக்காட்டும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதம் முதலில் உனக்கு வருகிறது. நீ அந்தப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல். இதில் உள்ளது உலகத்துக்குத் தெரிவதில் தனக்குச் சம்மதம் என்று அவளும் சொல்லட்டும். அதன் பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புவேன். நீ சொல்லாவிட்டால் நானே அத்திப்பள்ளிக்குப் போய் அவளிடம் சொல்வேன். ஆனால் அப்படி ஆனால் இந்தக் கடிதம் என் அலமாரியிலேயே கிடக்கும். உன்னைத் தவிர ஒருவர் கண்ணிலும் படாது. ஆகவே, வேறு யாராவது இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், என் மகன் சொல்லிவிட்டான் என்று அர்த்தம். அவர்களையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டதாகவே வைத்துக்கொள்ளட்டும். தாலித் தட்டு என் கையில்தான் வரும்.